ஊதா ரோஜா கொண்ட படலம்

ஊதாவும் இல்லை, ரோஸும் இல்லை. இரண்டும் நாளெல்லாம் சண்டை போட்டுவிட்டு, சமாதானமாகாமலே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே, அந்த நிறம். இன்றைக்கு அதை வாங்காமல் திரும்பப் போவதில்லை. அண்ணி என்ன சொன்னாலும் சரி. கடவுளே, அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும்.

இவ்வாறு நெஞ்சுக்குள் வஞ்சினம் கூறி, கூறிய வேகத்திலேயே அதன் கடைசி வரியில் கால் இடறி, மழை விட்டும் தூவானம் விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நர்சரியின் தகரக் கதவருகே கணவனுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் நின்ற மாதரசியை முதற்கண் வாழ்த்துவோம். வாழ்க, பொக்கை வாய்களின் புகலிடம்! வாழ்க, மெழுகிலும் பீங்கானிலும் கடைவாய்ப் பற்களைக் கடைந்தெடுக்கும் கைவிரல்கள்! ஊரிலுள்ள பல் மருத்துவர்களெல்லாம் அனுப்பும் வாய் அச்சுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, முகம் பார்த்திராத மனிதர்கள் மீண்டும் கடிக்கவும் சிரிக்கவும் பல் செய்து தருகிற லேபில் அவளுக்கு வேலை. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று அவளுடைய திருமணத்தில் வாழ்த்தியவர்கள் எந்தப் பதினாறை மனதில் வைத்திருந்தார்களோ தெரியாது. அவளுக்குக் கிடைத்தவை பதினாறு வெள்ளைகள். மாதிரிப் பற்களாக ஒரு கம்பியில் கோத்து மேசைமேல் வீற்றிருக்கும் அவற்றில் பால்வெள்ளை உண்டு, பழஞ்சுவர் வெள்ளை உண்டு, டீ குடிப்பவரின் வெள்ளை, சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்பவரின் வெள்ளை என்று எல்லாம் உண்டு. நாள் முழுவதும் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவில் தீர்ப்பு வழங்கிக் களைத்த கண்கள், பல்லாக இருக்க வழியே இல்லாத ஒரு நிறத்துக்கு ஏங்கியதில் வியப்பென்ன?

ஆனால் ஏங்குவது வேறு, கேட்பது வேறு. அவள் வாழ்ந்த வீட்டில் நிறங்கள் எல்லாம் அண்ணியின் நிறங்கள்.

அண்ணி என்பவள் அவள் கணவனுக்கு அக்கா. மாடியில் குடியிருப்பவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவன் வளர்ந்த பிறகும் இறக்கிவைக்க மறந்தவள். கீழ்வீட்டுச் சுவர் பிஸ்தாப் பச்சை ஆனது அண்ணியால். ஜன்னல் திரை, குளியலறை வாளி, கட்டில் விரிப்பு, ஏன், நம் தலைவி மூக்கின்மேல் அமர்ந்திருக்கும் கண்ணாடியின் பழுப்புச் சட்டம் வரைக்கும் அண்ணியின் கண் பார்த்துத் தேர்ந்தவை. கொடுங்கோல் ஆட்சியா என்றால், அதுதான் இல்லை. கொடுங்கோலாக இருந்திருந்தால் எதிர்த்துவிடலாம். அண்ணி அன்பால் ஆண்டாள். "பாத்தேன், உனக்கு நல்லாருக்கும்னு தோணுச்சு, வாங்கிட்டேன்" என்ற ஒரே ஆணையால், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல், அறை அறையாக ஒரு ராஜ்ஜியம் கைமாறியது. ஒவ்வொரு முறையும் நம் தலைவி "சரி அண்ணி" என்றாள். சொல்லிச் சொல்லி அந்தச் சொற்கள் பொய்ப்பல்லைப் போலவே ஆகிவிட்டிருந்தன. வாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தின. வலிக்கவும் இல்லை.

மிஞ்சியது படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஒரு துண்டு மண். அதிலும் அண்ணியே மூன்று மழைக்காலம் ரோஜா வைத்து ஆண்டாள். ஆனால் அங்கே அண்ணியைவிட வலிய ஓர் அரசி இருந்தாள்.

ஈரக்காற்றே, உன்னைப் பாடாமல் இந்தக் கதை நகராது! உப்பைக் கட்டியாக்குபவளே, தீக்குச்சியை ஊமையாக்குபவளே, அலமாரிச் செருப்புக்குப் பச்சைப் பூஞ்சைப் போர்வை போர்த்துபவளே, துவைத்த துணியைத் துவைத்தபடியே வைத்திருக்கும் நித்திய ஈரத்தின் நாயகியே! மற்ற ஊர்களில் காற்று வீசும், இந்த ஊரில் அது வந்து மேலே சாய்ந்துகொள்ளும். ரோஜாச் செடி என்றால் உனக்குப் பிள்ளை விளையாட்டு. முதலில் இலைகளில் கரும்புள்ளி இடுவாய். பிறகு மஞ்சள் பூசுவாய். பிறகு ஒவ்வொன்றாக உதிர்த்து வேடிக்கை பார்ப்பாய். அப்படியும் தப்பிப் பிழைத்த ஒரு மொட்டு, இதழ்மேல் இதழாக அடுக்கிக்கொண்டு நாளை மலரலாம் என்று நம்பியிருக்கும்போது, அந்த அடுக்குகளுக்கிடையில் புகுந்து அதை மலராமலே அழுகவைப்பாய். விரலால் தொட்டால் ஊறிய ரொட்டிபோல் பிசுபிசுக்கும். வெளியிதழ் பழுப்புக் காகிதமாக ஒட்டிக்கொண்டுவிட, உள்ளே இருந்த பூ எந்த நிறம் என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

மூன்று மழைக்காலமும் நம் தலைவி அந்த மொட்டுகளைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எது முதலில் விழுந்தது, எது கடைசிவரை தாக்குப்பிடித்தது, இலை நெருக்கமாக இருந்ததா, மெழுகு பூசியதுபோல் இருந்ததா, எத்தனை அடுக்குப் பூவுக்கு எந்த முடிவு என்றெல்லாம் கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. மூடிய மொட்டுகளைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்கு ஏனோ கோபம் வரும். அது செடிமேல் வந்த கோபமா என்று அவள் ஆராய்ந்து பார்த்ததில்லை. ஆராயாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

இறுதியில் அண்ணி முடி துறந்தாள். "அந்த மண்ணே ராசியில்ல. வேணும்னா நீ ஏதாவது வச்சுக்கோ" என்று மாடிப்படியில் நின்று சாசனம் அருளினாள். தோற்றவர் விட்டுப்போன பாழ்நிலமே ஆனாலும் நிலம் நிலம்தானே? நம் தலைவி அன்றிரவு தூங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மாடியிலிருந்து சங்கு முழங்கியது:

"எங்க கெளம்பிட்ட? ரோஜா வாங்கவா? தனியாவா? உன்ன நல்லா ஏமாத்திடுவாங்க. இரு, செருப்ப மாட்டிட்டு வரேன். தம்பீ, நீயும் வா, தூக்கறதுக்கு ஆள் வேணும்."

இப்படித்தான் படை புறப்பட்டது.

நர்சரிக்குள்ளே பச்சை நிழல்வலைக் கூரையின் கீழ், கறுப்புப் பைகளில் கால்புதைத்து, ரோஜாக்கள் அணி அணியாக நின்றன. சிவப்புப் படை, மஞ்சள் படை, எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாத வெள்ளைப் படை. நர்சரிக்காரர், தலையில் துண்டும் கையில் கத்தரியுமாக, தன் சேனையைப் பார்வையிடும் தளபதிபோல் முன்னால் வந்து முழங்கினார்.

"வாங்கம்மா, என்ன கலர் வேணும்? எந்த கலரு கேட்டாலும் இருக்கு. கறுப்பு ரோஜாகூட இருக்கு, கொஞ்சம் சிவப்பா இருக்கும்."

"ரோஸும் இல்லாம வயலட்டும் இல்லாம..." என்று தொடங்கினாள் நம் தலைவி.

"நடுவுல ஒண்ணு," என்று முடித்தாள் அண்ணி. முடித்ததோடு நில்லாமல் நேரே மூன்றாம் வரிசைக்குச் சென்று, கோஸுபோல் திரண்டு, நூறு இதழ் அடுக்கி, தன் பாரம் தாங்காமல் தலைகுனிந்து நின்ற ஒரு பேரழகியைத் தூக்கி நிறுத்தினாள். "இந்தா. இதுதான். பாரு எவ்வளவு பெரிசு! முடிஞ்சுது வேலை, வா போலாம்."

கண்டவர் கண் கூசும் அழகுதான். பச்சை வலையின் ஒளியில் அந்தப் பூ, நம் தலைவி கனவில் கண்ட அதே நிறத்தில் பொலிந்தது. கணவன் ஆறுதலோடு பெருமூச்சு விட்டான். அவன் ஒரு நடுநிலை நாடு. அக்காவுக்குத் தம்பியாகவும் மனைவிக்குக் கணவனாகவும் இரண்டு முழுநேர உத்தியோகம் பார்ப்பவன். இரண்டிலும் அவனுக்கு இடப்பட்ட பணி, பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

"சரி அண்ணி" என்ற சொற்கள் பழகிய பல்லைப்போல் வாய்க்குள் வந்து பொருந்திக்கொண்டன. வெளியே வர இருந்த அந்தக் கணத்தில், அவளுடைய தொழில் அவளைக் காத்தது.

லேபில் ஒரு விதி உண்டு. குழல்விளக்கு வெளிச்சத்தில் எந்தப் பல்லுக்கும் நிறம் முடிவுசெய்யக் கூடாது, ஜன்னலுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சலித்துப் பொய் சொல்லத் தொடங்கும். அப்போது சாம்பல் நிறத்தில் எதையாவது சிறிது நேரம் பார்த்துவிட்டு, பிறகுதான் திரும்ப வேண்டும். இந்தப் பச்சைக் கூரையின் கீழே நிற்கிற கண்ணுக்கு எந்த ரோஸ்தான் ஊதாவாகத் தெரியாது?

அவள் குனிந்து, பையோடு செடியை அள்ளி, சேறு சேலையில் பட்டதையும் பொருட்படுத்தாமல், வலைக்கு வெளியே திறந்த வானத்தின் கீழ் கொண்டுபோய் வைத்தாள். திரும்பித் தன் கணவனின் சாம்பல் நிறச் சட்டையை உற்று நோக்கினாள். மணமான நாள்முதல் மனைவி தன்னை இப்படிப் பார்த்ததில்லையே என்று அவன் நாணி, சட்டைப் பொத்தான் ஏதும் திறந்திருக்கிறதா எனத் தடவிப் பார்த்தான். அந்தப் போரில் அவன் ஆற்றிய மாபெரும் தொண்டு அதுதான். கண் ஓய்ந்ததும் அவள் பூவின் பக்கம் திரும்பினாள்.

ரோஸ். வெறும் ரோஸ். குழந்தைகளின் காய்ச்சல் மருந்து என்ன நிறமோ அந்த நிறம்.

"இது இல்ல," என்றாள் அவள், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. இலையைத் திருப்பினாள். கடைவாயின் உட்புறம் பார்ப்பதுபோல் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே, ஊசிமுனை அளவில், முதல் கரும்புள்ளிகள் வந்து பாசறை அமைத்திருந்தன.

அதன்பின் நடந்தவற்றை எந்த நாவால் பாடுவது! செடி செடியாக வெளியே வந்தன. வெளியே வந்த ஒவ்வொன்றும் வானத்தின் முன் தன் பொய்யை ஒப்புக்கொண்டது. ஒன்று கத்தரிப்பூ நிறம். ஒன்றில் சாம்பல் நோய், மாவு தூவியதுபோல். ஒன்றின் மொட்டை அழுத்திப் பார்த்தால் உள்ளே சளசளவென்றிருந்தது. இன்னொன்று நிறத்தில் கிட்டத்தட்ட வந்து, கிட்டத்தட்ட என்பதாலேயே நிராகரிக்கப்பட்டது. பதினாறு வெள்ளைகளுக்கிடையே வேற்றுமை கண்டவளிடம் கிட்டத்தட்டவா செல்லுபடியாகும்? சேறு முழங்கைவரை ஏறியது. தூவானம் மறுபடி வலுத்தது. நர்சரிக்காரர் தம் படை இப்படி மழையில் நிறுத்திவைக்கப்படுவதைக் கண்டு பொறுக்காமல் குரலெழுப்பினார்.

"ஏம்மா, நீங்க பூச்செடி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாத்தாக்கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க," என்றாள் அண்ணி. "என் தம்பிக்கு இவளப் பாக்கப் போனப்ப நான் ஒரு தடவதான் பாத்தேன். சரின்னுட்டேன்."

ஆக, தானும் மூன்றாம் வரிசையிலிருந்து தூக்கி நிறுத்தப்பட்டவள்தான் என்பது நம் தலைவிக்கு அந்தச் சேற்றின் நடுவே விளங்கியது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் அண்ணி என்ன சொல்லியிருப்பாள்? சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் அது நின்றது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குழாய் ஒழுகி எப்போதும் சொதசொதவென்றிருந்த மூலையில், கிழிந்த பையிலிருந்து ஒரு பக்கம் வேர் நீட்டி, கவனிப்பாரற்று நின்றது ஒரு செடி. அதற்கு இடமும் வலமும் இருந்த ரோஜாக்கள் இலை கொட்டிக் குச்சியாகியிருந்தன. இதன் இலைகள் மட்டும் அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் மின்னின. கிளைக்கும் கிளைக்கும் நடுவே காற்றுப் போய்வர இடம் விட்டு, கை விரித்து நின்றது. பூக்கள் சிறியவை. விரல்விட்டு எண்ணக்கூடிய இதழ்கள். அவற்றை ஒளித்துவைக்க அதற்குத் தெரியவில்லை. அத்தனை மழையிலும் எல்லா மொட்டும் மலர்ந்திருந்தது.

பாய்ந்தாள் நம் தலைவி. களிற்றின்மேல் பாயும் வேங்கை என்பார்கள் புலவர்கள். ஆனால் எந்த வேங்கையும் ஒரு கையால் முந்தானையைச் செருகிக்கொண்டு பாய்ந்ததாகச் செய்தியில்லை. முள் கட்டைவிரலில் இறங்கியது. விழுப்புண் பட்டாள். விடவில்லை. வெளியே கொண்டுவந்து வைத்து, கணவனின் சட்டையை மறுபடி பார்த்து (அவன் இம்முறை நிமிர்ந்து நின்றான்), திரும்பினாள்.

அந்த நிறம்.

அந்தி முடிந்து விளக்கேற்றுவதற்கு முன்னால் சுவரில் ஒரு கணம் தங்குமே, அதைப்போல. ஓரத்தில் ஊதா, நடுவில் ரோஸ், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று பதினாறு வெள்ளைகளை அறிந்த கண்ணுக்கும் பிடிபடவில்லை. கட்டைவிரல் இரத்தத்தைச் சேலையில் துடைத்தாள். ஒரு செடிக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததால் உடனே கேள்வியை மாற்றி, "இது என்னங்க?" என்று நர்சரிக்காரரிடம் கேட்டாள்.

"அதுவாம்மா? அது சும்மா நிக்குது. பூ சின்னதுன்னு யாரும் கேக்கறதில்ல. இருந்ததே அது ஒண்ணுதான். வேணும்னா எடுத்துக்குங்க, தொட்டிப் பக்கம் எடமாவது காலியாகும்."

"ஐயே," என்றாள் அண்ணி அருகில் வந்து. "இதுவா? வேலியோரம் தானா மொளைச்சது மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு நேரம்..."

அங்கே அவள் பேச்சு நின்றது. பூ இப்போது வானத்தின் கீழ் இருந்தது, அண்ணியும் வானத்தின் கீழ் வந்துவிட்டிருந்தாள். குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு விரலை நீட்டி இதழின் ஓரத்தைத் தொட்டாள். பொருள்களைத் தொட்ட மறுகணம் அவற்றைத் தூக்கிவிடும் அந்தக் கை, முதல் தடவையாக, தொட்டபடி நின்றது. நம் தலைவி அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் ஆணை இல்லை. அறிவுரை இல்லை. மிட்டாய்க் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற ஒரு சிறுமி இருந்தாள்.

"இத..." என்றாள் அண்ணி. நிறுத்தினாள். "இத எனக்குக் குடுத்துடறியா?"

சான்றோரே, போர் இங்கேதான் தொடங்கியது. இதுவரை நடந்தது வெறும் அணிவகுப்பு. ஆணைக்கு எதிராகத் தீட்டிய வாளோடு வந்தவள், கெஞ்சலுக்கு எதிராக ஒரு குச்சிகூடக் கொண்டுவரவில்லை.

"மாடியில வெயில் நல்லா வரும். தொட்டியில வச்சுக்கறேன். நீ வேலைக்குப் போயிடுவ, நான் வீட்லதான இருக்கேன், நல்லா பாத்துப்பேன்." குரல் தாழ்ந்தது. "எனக்குன்னு இப்படி ஒண்ணப் பாத்து ரொம்ப நாளாச்சு. எப்பவும் வீட்டுக்கு என்ன வேணும், தம்பிக்கு என்ன வேணும்னே பாத்துட்டு..."

நன்றிக்கடன் என்னும் பெருஞ்சேனை நம் தலைவியின் நெஞ்சுக்குள் புகுந்தது. காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி மாற்றிய கை முதலில் வந்தது. பிள்ளை தங்காமல் போன அந்த மாதத்தில் ஒரு வார்த்தையும் கேட்காமல் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது அடுத்து வந்தது. பிஸ்தாப் பச்சைச் சுவர்கூட அன்போடு அடிக்கப்பட்ட பிஸ்தாப் பச்சைதான் என்பது கடைசியாக வந்து முதுகில் குத்தியது. இத்தனை நாளும் நிறங்களையெல்லாம் தேர்ந்தவளுக்குத் தனக்கென்று ஒரு நிறம் கிடைக்கவில்லை என்றால், அது எத்தனை வேடிக்கை, எத்தனை அழ வைக்கும் வேடிக்கை. கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். தினமும் மாடியேறி அதைப் பார்க்கலாம். பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணி, "வா, வா, வந்து பாரு" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

நடுநிலை நாடு இந்நேரம் பார்த்துத் தன் நடுநிலையைக் கைவிட்டது.

"குடுத்துடேன்," என்றான் கணவன், அவள் காதோடு. "அக்கா கேட்டு நான் பாத்ததே இல்ல. மாடியும் நம்ம வீடுதான?"

இருபுறமும் சேனை. நடுவில் ஒரு கிழிந்த பை. தூவானம் பெய்தது, கட்டைவிரலில் இரத்தம் மழைநீரோடு கலந்து இளஞ்சிவப்பாக வழிந்தது, விண்ணவர் மலர் தூவக் கையில் மலரோடு காத்திருந்தனர். எவர்மேல் தூவுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நம் தலைவி அண்ணியின் முகத்தையே பார்த்தாள். அந்தச் சிறுமி இன்னும் அங்கே இருந்தாள். அவளை நம் தலைவிக்குப் பிடித்திருந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணியை முழுமனதாகப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்தோடேயே, அதைத் துளியும் குறைத்துக்கொள்ளாமலே, "சரி" என்ற சொல்லைத் தன் வாயில் தேடினாள். அது அங்கே இல்லை. அது இருந்த இடத்தில், பல் விழுந்த ஈறுபோல், தொட்டால் கூசுகிற ஒரு வெற்றிடம்தான் இருந்தது. குனிந்தாள். செடியைப் பையோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல அண்ணி, இது எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.